இரண்டாவது டியூப்

அம்மா மலேசியாவில், பட்டர்வொர்த்தில் முப்பது வருடம் ரவிக்கை தைத்தவர். இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, காலை ஷிஃப்ட். இடது முன்கையில் பிஸ்டுலா இருக்கிறது. ரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்துத் தைத்த இடம். அதன் மேல் விரலை வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். தையல் மெஷினை மிதிக்கும்போது பலகையில் கை வைத்தால் தெரியுமே, அதே மாதிரி என்பார் அம்மா. காலையில் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார். அதிர்வு இருந்தால்தான் அன்றைக்கு ஊசி குத்த முடியும். சாமி விளக்கு, காப்பி எல்லாம் அப்புறம்தான்.

போன மாதம் ஓர் இரவு பதினொரு மணிக்கு என் தோழி கூப்பிட்டாள். அவள் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. ரத்தப் பரிசோதனை ரிப்போட்டில் 'ஹெபடைடிஸ் சி: ரியாக்டிவ்' என்று வந்திருக்கிறது. ரத்தம் வழியாகப் பரவி ஈரலைத் தாக்கும் வைரஸ் அது. "ஈரல் போயிடுச்சாடி? அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?" என்று அழுதாள். அரை மணி நேரம் பேசினேன். அவளிடம் சொன்னதையெல்லாம் எழுதி வைத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது. அதே வரியை நானும் ஒரு நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2022 மே மாதம். ஈப்போவில் சித்தப்பா மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். கோவிட் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் விலகி, சொந்தக்காரர்கள் ஒன்றுகூடும் முதல் கல்யாணம். அம்மா தன் கையாலேயே ரவிக்கை தைத்துக்கொண்டார், பிஸ்டுலா கைக்கு மட்டும் கொஞ்சம் தளர்வாக. சனிக்கிழமை டயாலிசிஸை ஈப்போவில் ஒரு சென்டரில் செய்துகொள்ளலாம் என்று இடம் கேட்டேன். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் புது ரிப்போட் வேண்டும் என்றார்கள். டயாலிசிஸ் நோயாளி இருப்பவர்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் துணிமணியோடு புறப்படுவார்கள். நாம் ரத்த ரிப்போட்டோடு புறப்பட வேண்டும்.

எங்கள் சென்டரில் எடுத்தார்கள். பி இல்லை, எச்ஐவி இல்லை. சி ரியாக்டிவ்.

வியாழக்கிழமை அம்மாவைக் கொண்டுபோய் விட்டபோது அவருடைய வழக்கமான நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அம்மாவுக்குக் கடைசியில், கழிவறைப் பக்கத்து மூலையில், ஒரு திரைக்குப் பின்னால் இடம் போட்டிருந்தார்கள். மெஷின் மேல் சிவப்பு ஸ்டிக்கர். கோப்பின் முதுகிலும் சிவப்பு ஸ்டிக்கர். ஏழு வருடமாகப் பக்கத்து நாற்காலியில் இருந்து சீரியல் கதை பேசிய அங்கிள், "ஏன் தங்கச்சி, அங்க மாத்திட்டாங்க?" என்று அந்தக் கோடியிலிருந்து சத்தமாகக் கேட்டார். அவர் அன்பாகத்தான் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நாலு மணி நேரமும் பேசவில்லை என்று மிஸ்ஸி பிறகு சொன்னார். நர்ஸை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

கல்யாணத்துக்குப் போகவில்லை. ஈப்போ சென்டர், சி உள்ளவர்களுக்குத் தனி மெஷின் காலி இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த ரவிக்கை இன்னும் அலமாரியில் இருக்கிறது.

அந்த வாரம் எங்களுக்கு யாரும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். 'ரியாக்டிவ்' என்று காட்டியது ஆன்டிபாடி பரிசோதனை. வைரஸ் உடம்புக்குள் வந்தால் நம் உடம்பு அதை எதிர்க்க ஒரு பொருளை உண்டாக்கும். இந்தப் பரிசோதனை அதைத்தான் தேடுகிறது. வைரஸை அது பார்ப்பதே இல்லை. திருடன் எப்போதோ வீட்டுக்குள் நுழைந்தான் என்று உடைந்த பூட்டு சொல்லும். அவன் இப்போதும் உள்ளே இருக்கிறானா என்று பூட்டுக்குத் தெரியாது. ஹெபடைடிஸ் சி தொற்றியவர்களில் சுமார் 15 முதல் 45 விழுக்காட்டினருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாமலே ஆறு மாதத்துக்குள் வைரஸ் போய்விடுகிறது. ஆனால் அவர்களுக்கும் ஆன்டிபாடி ரியாக்டிவ் என்றே காட்டும். சில நேரம் வைரஸே வராதவருக்கும் தவறாக ரியாக்டிவ் காட்டுவதுண்டு. வைரஸ் இப்போது இருக்கிறதா என்று சொல்ல இன்னொரு பரிசோதனை வேண்டும். அது வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவையே ரத்தத்தில் தேடும். கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட பிசிஆர் வகைதான்.

முதல் டியூப் கேள்வி கேட்கிறது. இரண்டாவது டியூப்தான் பதில் சொல்கிறது. எங்களுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் முதல் டியூப்பிலேயே ஒட்டப்பட்டுவிட்டது. பதில் வரும்வரை முன்னெச்சரிக்கை வேண்டும் என்றால் சரி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், "ஆண்ட்டி, இது இன்னும் உறுதியாகலை, இன்னொரு டெஸ்ட் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் அம்மா மூன்று வாரம் தூங்கவில்லை.

எதிர்ப்பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அது இன்னும் முக்கியம். ஆன்டிபாடி உண்டாவதற்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். சிறுநீரகம் பழுதானவர்களின் நோய் எதிர்ப்பு சக்தி மந்தமாக இருப்பதால் அதைவிடத் தாமதமாகலாம், சிலருக்கு உண்டாகாமலே போகலாம். அப்போது வைரஸ் இருந்தும் ரிப்போட் சுத்தமாக வரும். ஆர்என்ஏவோ தொற்றிய ஓரிரு வாரத்திலேயே தெரிந்துவிடும். ஈரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி என்ற அளவும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இயல்பாகவே குறைவாக இருக்கும். மற்றவர்களுக்கு 'நார்மல்' என்று சொல்லும் எண், இவர்களுக்கு ஏற்றமாக இருக்கக்கூடும். அம்மாவின் பழைய ரிப்போட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். ஏஎல்டி பல மாதம் 11, 12, 10 என்று இருந்தது. பிறகு 27, 31, 29. எல்லாமே நார்மல் எல்லைக்குள்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை, எனக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் மாதாமாதம் வரும் எண்ணை அவரவருடைய பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அதனால்தான் உலகெங்கும் சிறுநீரக மருத்துவர்கள் பார்க்கும் கேடிகோ வழிகாட்டி 2018இல் இப்படிச் சொல்கிறது: டயாலிசிஸ் தொடங்கும்போதும், வேறு சென்டருக்கு மாறும்போதும் எல்லோருக்கும் சி பரிசோதனை. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஏஎல்டி மாதாமாதம். ஒரு சென்டரில் புதிதாக ஒருவருக்குத் தொற்று வந்தால், அங்கே தொற்று வாய்ப்புள்ள மற்ற எல்லோருக்கும் ஆர்என்ஏ பரிசோதனை. எங்கள் சென்டரில் ஆன்டிபாடி மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தார்கள்.

இரண்டாவது டியூப் எடுத்த நாள் நான் பக்கத்தில் நின்றேன். டயாலிசிஸ் தொடங்கும் முன் எடுக்க வேண்டும் என்று மூத்த மிஸ்ஸி சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் கலந்துவிட்டால் பிசிஆர் கெட்டுப்போகும். ஊசி குத்தியதும், குழாயை மெஷினில் இணைக்கும் முன், ஒரு டியூப் நிறைய எடுத்தார். அம்மாவின் ரத்தத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், குழாய் குழாயாக மெஷினில் சுற்றுவதை. அந்தச் சின்ன டியூப்பைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

முடிவு வர மூன்று வாரம் ஆனது. வைரஸ் இருந்தது.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "எனக்கு எப்படி வந்துச்சு?" என்பதில்லை. "பாப்பா, நான் யாருக்காச்சும் குடுத்திருப்பேனா?" என்றார். சீரியல் கதை பேசும் அந்த அங்கிளைத்தான் நினைத்துக் கேட்டிருக்கிறார்.

எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. 1985இல் தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அப்போது இந்த வைரஸுக்குப் பெயரே கிடையாது. ரத்தம் ஏற்றிய சிலருக்கு மஞ்சள் காமாலை வரும். ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை என்று மட்டும் மருத்துவர்களுக்குத் தெரியும். 1989இல்தான் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் இந்த வைரஸைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். அவருக்கும் ஹார்வி ஆல்டர், சார்ல்ஸ் ரைஸ் ஆகியோருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. சரி, அந்த ரத்தத்தில் வந்து இத்தனை வருடம் ஆன்டிபாடியில் அகப்படாமல் இருந்ததா? இல்லை, சென்டரில் வந்ததா? ஏஎல்டி ஏறிய காலத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று என் மனம் சொல்கிறது. நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

சென்டரில் பரவுவதென்றால் மெஷின்தான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ரத்தத்தையும் டயாலிசிஸ் நீரையும் பிரிக்கும் சவ்வின் துளைகள் இந்த வைரஸைவிட மிகச் சிறியவை. சவ்வு கிழியாதவரை வைரஸ் மெஷினின் உள்பக்கம் போவது அரிது. பரவுவது பெரும்பாலும் கைகளால், பொருள்களால். அடுத்த சில வாரங்கள் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மெஷினில் அலாரம் அடிக்கும். மிஸ்ஸி ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்துவார். திரும்பும் வழியில் அடுத்தவர் கையில் பிளாஸ்திரி தளர்ந்திருப்பதைப் பார்த்து, அதே கையுறையோடு அழுத்தி விடுவார். இரண்டே விநாடி. காலை ஷிஃப்ட் முடிந்து மதிய ஷிஃப்ட் உட்காரும் நேரம்தான் இன்னும் மோசம். ஒருவரின் ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை, இன்னொருவருக்கு நிற்கும்போதே தலை சுற்றுகிறது, வெளியே வேனில் வந்தவர்கள் காத்திருக்கிறார்கள். நாற்காலிக் கைப்பிடியை ஒரு இழுப்பில் துடைத்துவிட்டு அடுத்தவரை உட்கார வைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும். அறை வெப்பத்தில் இந்த வைரஸ் காய்ந்த இடத்தில் ஆறு வாரம் வரைகூடத் தாக்குப் பிடிக்கலாம் என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள்.

அந்த மிஸ்ஸிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் விழுந்தபோது காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள்தான். ஒருவர் இத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் மேல்தான் கோபம். ஒருவருக்கு ஊசி போட்டு முடித்துக் கையுறையைக் கழற்றிக் கை கழுவி, அடுத்தவருக்குப் புதுக் கையுறை போட ஒரு நிமிடம் வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். மருந்தைத் தனி இடத்தில் கலந்து, ஒருவருக்கு உரியதை மட்டும் எடுத்துவர வேண்டும். தள்ளுவண்டியில் எல்லோருடைய மருந்தையும் வைத்து நாற்காலி நாற்காலியாகப் போகக் கூடாது.

மூலையில் தள்ளி வைப்பது இதற்கு ஈடாகாது. பி வகைக்குத் தனி அறையும் தனி மெஷினும் கட்டாயம். அது அவ்வளவு எளிதாகத் தொற்றும். சி வகைக்குத் தனி மெஷின் தேவையில்லை என்றுதான் கேடிகோ சொல்கிறது. இங்கே பல சென்டர்களில் இன்னும் தனியாகத்தான் வைக்கிறார்கள். ஆன்டிபாடியில் அகப்படாத ஒருவர் பொது வரிசையில் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் யாரைக் காப்பாற்றும்?

மற்றவர்களுக்கு ஆர்என்ஏ எடுத்தீர்களா என்று சென்டர் நிர்வாகத்திடம் கேட்டேன். "வழக்கம்போல அடுத்த தவணையில் எடுப்போம்" என்றார்கள். அந்தத் தவணை ஆன்டிபாடிக்கு. இரண்டாம் முறை கேட்டேன். மூன்றாம் முறை எழுத்தில் கொடுத்தேன். அப்புறம்தான் எடுத்தார்கள். மூன்று முறை கேட்க வைத்தது தவறு, இதை வெளிப்படையாகவே சொல்கிறேன். முடிவு என்ன என்று எனக்குச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது, அது அவரவர் அந்தரங்கம். ஆனால் அடுத்த மாதம் அந்த அங்கிள் தன் பழைய நாற்காலியிலேயே இருப்பதைப் பார்த்து அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

வீட்டிலும் ஒரு கூத்து நடந்தது. அத்தை ஒருவர் பார்க்க வந்து, அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கச் சொன்னார். தட்டிலோ தண்ணீரிலோ தொட்டுப் பேசுவதிலோ இது பரவாது. எங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது வேறொன்று இருந்தது. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சர்க்கரை. விரலைக் குத்தி ரத்தம் எடுக்கும் பேனா ஒன்றுதான். இரண்டு பேரும் அதையே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். நம்மவர் வீடுகளில் இது சர்வ சாதாரணம். தயவுசெய்து ஆளுக்கொரு பேனா வாங்குங்கள். சவரக்கத்தி, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் இவையும் அப்படித்தான். அண்ணனுக்கும் பரிசோதனை செய்தோம். இல்லை.

ஜிஎச் என்னும் அரசுப் பொது மருத்துவமனையில் ஈரல் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சுருக்கம் விழவில்லை என்றார்கள். இளம் டாக்டர், அம்மாவிடம் தமிழிலேயே பேசினார். "இதுக்கு மருந்து இருக்கும்மா. பன்னிரண்டு வாரம். முழுசா போயிடும்." அம்மா நம்பவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் பல வருடங்களுக்கு முன் இதே நோய்க்கு இண்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டு பாதியிலே விட்டவர். காய்ச்சலும் மனச்சோர்வுமாக அவர் பட்ட பாட்டை அம்மா பார்த்திருக்கிறார். அதோடு சேர்த்துக் கொடுத்த ரிபாவைரின் மாத்திரை கிட்னி நோயாளிகளின் ரத்தச் சிவப்பணுக்களை அழித்துவிடும் அளவுக்குக் கடுமையானது.

இப்போது கொடுப்பது அது இல்லை. வைரஸ் பெருகுவதையே நேராகத் தடுக்கும் மாத்திரைகள். அதில் ஒன்றான சொஃபோஸ்புவிர் 2013இல் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர். நம் ஊரில் யாரால் முடியும்? 2017இல் மலேசிய அரசு காப்புரிமைச் சட்டத்தில் உள்ள அரசுப் பயன்பாட்டு உரிமையை, அதாவது காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே மருந்தை வரவழைக்கும் உரிமையை, எடுத்துக்கொண்டு, மலிவான பொது வகை மருந்தை வரவழைக்க முடிவு செய்தது. 2018இல் அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. இந்த நாட்டைப் பற்றிக் குறை சொல்ல எத்தனையோ இருக்கும். இந்த ஒரு முடிவுக்காக நான் நன்றியோடு இருக்கிறேன். சொஃபோஸ்புவிரைக் கிட்னி முழுதும் பழுதானவர்களுக்குக் கொடுக்கலாமா என்ற தயக்கமும் பல வருடம் இருந்தது. 2019இல் அமெரிக்க மருந்துத் துறை டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் கொடுக்கலாம் என்று மாற்றியது. அம்மாவுக்கு நோய் தெரிந்தபோது வழி திறந்திருந்தது. ஐந்தாறு வருடம் முன்னால் தெரிந்திருந்தால்?

2022 ஜூலைக் கடைசியில் தொடங்கினார். தினம் இரண்டு மாத்திரை, சொஃபோஸ்புவிரும் டக்லாடஸ்விரும். ஒரு காசுகூடச் செலவில்லை. லேசாகத் தலைவலி, முதல் வாரம் மட்டும். ரவிக்கை அளவு குறிக்கும் பழைய நோட்டில் 84 கட்டம் கோடு போட்டு, மாத்திரை போட்டதும் சாக்பீஸால் ஒரு புள்ளி வைப்பார். மருந்து முடிந்த அன்றே குணம் என்று சொல்ல மாட்டார்கள். முடித்துப் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி ஆர்என்ஏ எடுத்து, அப்போதும் வைரஸ் இல்லை என்றால்தான். 2023 ஜனவரியில் எடுத்தார்கள். தைப்பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது போன் வந்தது. வைரஸ் இல்லை. ரதம் புறப்படும் நாளில் பாலத்தைக் கடந்து பினாங்குத் தீவில் உள்ள ஜோர்ஜ்டவுன் போய், சாலையோரம் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தோம். கையிலிருந்த தேங்காயை அவரே உடைத்தார், வலது கையால்.

குணமானதோடு கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த தவணை ரத்தம் எடுத்தார்கள், பழைய ஆன்டிபாடி பரிசோதனை. ரியாக்டிவ். சிவப்பு ஸ்டிக்கர் மறுபடி வந்தது.

இதுதான் என் தோழிக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது. வைரஸ் போனாலும் ஆன்டிபாடி போகாது, பெரும்பாலானவர்களுக்குக் காலத்துக்கும் இருக்கும். குணமானவருக்கு அந்தப் பரிசோதனையால் ஒரு பயனும் இல்லை. அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆர்என்ஏதான் எடுக்க வேண்டும். எடுக்காமலும் விடக் கூடாது. இந்த ஆன்டிபாடி பாதுகாப்புத் தராது, வைரஸ் மறுபடி தொற்றலாம். பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது, டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரட்டை அளவில் போடுகிறார்கள். சி வகைக்கு இன்னும் தடுப்பூசி இல்லை.

ஜிஎச் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கினேன். தொற்று இருந்தது, சிகிச்சை முடிந்தது, ஆர்என்ஏ இல்லை, இனி ஆர்என்ஏ மட்டும் பார்க்கவும் என்று நாலு வரி. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஐசி என்னும் அடையாள அட்டையோடும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு அட்டையோடும் அம்மா கைப்பையில் வைத்திருக்கிறார். மூத்த மிஸ்ஸி அதைப் படித்துவிட்டு, கோப்பிலிருந்த ஸ்டிக்கரைத் தன் நகத்தாலேயே சுரண்டி எடுத்தார். பசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்.

இப்போது அம்மா பொது வரிசையில் ஐந்தாவது நாற்காலியில் இருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுக்கும் நாள். புதிதாக வந்த இளம் மிஸ்ஸி, மலாய்ப் பெண், ஊசி குத்திவிட்டு டியூப்பைக் கையில் எடுத்தார். அம்மா அந்தக் கையைப் பார்த்தார். புதுக் கையுறைதான். "ஒன்னுதானா?" என்று கேட்டார் மலாயில். "ஆர்என்ஏவுக்கு இன்னொன்னு எடுக்கணுமே." அந்தப் பெண் கோப்பைத் திறந்து பார்த்து, "ஆமா ஆண்ட்டி, சாரி" என்று சொல்லிவிட்டு, இன்னொரு டியூப் எடுத்துவரப் போனார்.